படம் பேசுமாம்!

2024-ஆம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். சுனாமி வந்து இருபது வருஷம் நிறைகிறது, அதற்காக ஒரு சிறப்பிதழ் போடுகிறோம் என்றார். “நீங்கள் கடலூர்க்காரர். நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?” என்றும் கேட்டார். எழுத்தாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எத்தனை பக்கம் என்று கேட்டேன்.

“பக்கமா? ஐம்பது வார்த்தை போதும் சார். படத்தை முழுப்பக்கம் போடுகிறோம். கீழே உங்கள் பெயரோடு ஒரு நாலு வரி. மற்றதையெல்லாம் படமே பேசிவிடும்!”

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. கடலூர் என்றாலே உலகத்துப் பத்திரிகை ஆபீசுகளில் எடுத்து வைத்திருக்கிற படம் ஒன்றுதான். என் கோபமெல்லாம் அந்தப் படத்தின் மேல் அல்ல. “படமே பேசும்” என்கிற அந்த வார்த்தையின் மேல். இந்த வார்த்தையை நான் சினிமாக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். விளம்பரக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். தேர்தல் காலத்துச் சுவரொட்டி அச்சடிக்கிறவர்களிடமும் கேட்டிருக்கிறேன். இப்பொழுது இலக்கியம் போடுகிற பத்திரிகையாசிரியரே சொல்லுகிறார். படம் பேசுமாம்! எனக்குத் தெரிந்த மட்டில் படம் ஒரு ஊமை. வாய் அசைவதுபோல் தோன்றும். குரல் மட்டும் பார்க்கிறவனுடையது. பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிறவன் பேசுகிறான். குழந்தைகள் பொம்மை பேசுவதாக நம்புகிறார்கள். குழந்தைகள் நம்பலாம். பத்திரிகை நடத்துகிறவர் நம்பலாமா?

அந்தப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, ராய்ட்டர் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்கோ தத்தா என்ற இந்தியப் புகைப்படக்காரர் கடலூரில் அதை எடுத்தார். மணலில் ஒரு பெண் குப்புற விழுந்து கிடக்கிறாள். கைகள் இரண்டும் விரிந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. படத்தின் ஓரத்தில், செத்துப்போன ஒருவரின் கை மட்டும் தெரிகிறது. உடல் இல்லை, முகம் இல்லை, கை மட்டும். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு 2004-ஆம் ஆண்டின் தலைசிறந்த பத்திரிகைப் படமாக அதைத் தேர்ந்தெடுத்தது. அன்றிலிருந்து கடலூர் என்றால் அந்தப் பெண். சுனாமி என்றால் அந்தக் கை.

நல்ல படம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எடுத்தவர் மீதும் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்டதை எடுத்தார். அதோடு போன குறிப்பும் யோக்கியமான குறிப்பு: ஒரு பெண், சுனாமியில் இறந்த தன் உறவினருக்காகப் புலம்புகிறாள் என்றுதான் அதில் இருந்தது. “உறவினர்” என்று இருந்தது. தயவுசெய்து இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பொழுது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, ராத்திரிகளில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினம் என் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். சுனாமி வந்த அன்றும் மறுநாளும் நான் அங்கே போயிருந்தேன். பார்த்தேன். பார்த்ததை எழுத முடியவில்லை. ஒரு மாதம் பேனாவை எடுக்கவில்லை. பிறகு அந்தப் படம் பரிசு பெற்றுப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தபோது, உட்கார்ந்து ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன்! கண்ணால் கண்டது வாயை அடைத்தது. காகிதத்தில் கண்டது வாயைத் திறந்துவிட்டது. இதில் எனக்கு அன்றைக்கு வெட்கம் தோன்றவில்லை.

கதை என்னவென்று கேட்கிறீர்களா? ஒரு தாய். அவளுக்கு ஒரே மகன். மணலில் தெரிகிற அந்தக் கை மகனுடைய கை. அந்தக் கைக்குச் சின்ன வயதில் அவள் சோறு ஊட்டியது, அந்தக் கை முதல் முதலாகத் துடுப்புப் பிடித்தது, இப்படி ஏழு பக்கம். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கதையால்தான் என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது. பத்திரிகைக்காரர் கதைக்கு மேலேயே அந்தப் படத்தையும் போட்டிருந்தார்.

சில மாதம் கழித்து கடலூர் முதுநகர் மீன் அங்காடியில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தேன். கூடைக்காரம்மா ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி; எனக்கு முன்பே முகப்பழக்கம்.

“கதை எழுதுற தம்பி நீதானே? எங்க ஊட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. அந்தக் கை அவ புள்ளையோட கைன்னு எழுதியிருந்தியே, யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லலக்கா. படத்தைப் பார்த்தேன்...”

“படத்துல கைதானே தெரியுது?”

நான் பேசாமல் நின்றேன். அவள் நெத்திலியை அள்ளிப் போட்டபடியே சொன்னாள்: “எங்க ஊட்டுல மூணு உசுரு. மூணும் பொம்பளைங்க. என் தங்கச்சி புருஷன் கட்டுமரத்துலேருந்து எறங்கி வந்து, நாலு நாள் மணல்லியே உக்காந்து கெடந்தான். அழுது அழுது தொண்டை கட்டிப் போச்சு. அவனை எவன் படம் எடுத்தான்? ஆம்பள அழுதா படம் நல்லா இருக்காதோ என்னமோ!”

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன், அவள் சொன்னது அவள் வீட்டுக் கதை என்றுதான் நினைத்துக்கொண்டேன். அது ஊர்க்கதை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆக்ஸ்பாம் என்ற நிவாரண நிறுவனம் 2005 மார்ச்சில் ஒரு குறிப்பு வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்கள் என்று அவர்கள் கொடுத்த கணக்கில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. தேவனாம்பட்டினத்தில் 42 பெண்கள், 21 ஆண்கள். பச்சாங்குப்பத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். காரணம் கடலோரத்துக்காரனுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடியலில் கடலுக்குப் போன ஆண்கள் ஆழத்தில் இருந்தார்கள்; ஆழத்தில் அந்த அலை படகைச் சற்றே தூக்கி இறக்கிவிட்டுப் போய்விட்டது. பெண்கள் கரையில் நின்றிருந்தார்கள், வரப்போகிற மீனுக்காகக் கூடையோடு. புடவை காலைப் பின்னிக்கொண்டது. கூந்தல் முள்ளில் மாட்டியது. இடுப்பில் குழந்தை. நீச்சல் ஆண்பிள்ளைகளுக்குத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இப்பொழுது அந்தப் படத்தை மறுபடியும் பாருங்கள். அது என்ன ‘பேசுகிறது’? ஆண்கள் சாவார்கள், பிள்ளைகள் சாவார்கள், பெண் விழுந்து அழுவாள் என்கிறது. ராமாயண காலத்திலிருந்து நமக்குப் பழகிப்போன காட்சி இது. கடலூரில் நடந்ததோ இதற்குத் தலைகீழ். பெண்கள் செத்தார்கள், ஆண்கள் உட்கார்ந்து அழுதார்கள். அன்றைக்கு அழுத பெண் இல்லையா என்றால், இருந்தாள். ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் ஓர் உண்மையான படம் ஓர் ஊரின் உண்மையையே மறைத்துவிட முடியும் என்பதை நான் என் சொந்த ஊரில், என் சொந்தக் கதையில் கண்டேன். என் கதையில் ஒரு பொய்யை எழுதினேன் என்பதுகூட இல்லை, கதையென்றால் கற்பனைதானே என்று தப்பித்துக்கொள்ளலாம். பழகிப்போன பொய்யை எழுதினேன். அதுதான் குற்றம்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ருஷ்யப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் குலெஷோவ் என்ற சினிமாக்காரர் ஒரு வேடிக்கை செய்து பார்த்ததாகச் சொல்லுவார்கள். ஒரு நடிகனின் முகம். எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். அந்த ஒரே துண்டுப் படத்தை ஒரு தட்டுச் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். விளையாடும் குழந்தைக்குப் பக்கத்தில் ஒட்டினார். பார்த்த ஜனங்கள், ஆஹா, என்ன பசி, என்ன துக்கம், என்ன பிரியம் என்று அந்த நடிகனைக் கொண்டாடினார்களாம். முகம் ஒன்றே, பசியும் துக்கமும் பிரியமும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுடையவை.

அதாவது போகட்டும், சினிமா. 1997-ல் அல்ஜீரியாவில் ஒரு படுகொலை நடந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே சுவரில் சாய்ந்து கதறிய ஒரு பெண்ணை ஹோசீன் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தார். அந்தப் படத்துக்கும் இதே ஆம்ஸ்டர்டாம் பரிசுதான் கிடைத்தது. ஐரோப்பியப் பத்திரிகைகள் அவளுக்கு “மடோனா” என்று பெயர் வைத்தன. அவளோ முஸ்லிம் பெண். மாதாகோவில்களில் ஏசுவின் தாயைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவளும் மாதாவாகத் தெரிந்தாள். அதோடு விட்டார்களா? எட்டுக் குழந்தைகளை இழந்த தாய் என்று உலகமெங்கும் செய்தி போயிற்று. பிறகுதான் தெரிந்தது, குழந்தைகளை அல்ல, சகோதரனையும் உறவினரையும் அவள் இழந்தாள் என்று. அவர்களுக்கும் தாய்தான் வேண்டியிருந்தது. எனக்கும் தாய்தான் வேண்டியிருந்தது. துக்கத்துக்குக்கூட ஒரு தரவரிசை வைத்திருக்கிறோம். நாத்தனாருக்கோ, ஓரகத்திக்கோ, பக்கத்து வீட்டுக்காரிக்கோ ஒருத்தி இப்படி மண்ணில் விழுந்து அழுவாள் என்று நம் மனசு ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறது.

ஆசிரியர் நண்பரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். அதற்குள் அவர் குறுக்கிட்டார். “என்ன சார், சிதம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறீர்கள்? நடராஜர் சிலைக்கு வார்த்தை வேண்டுமா? அதைப் பார்த்தாலே போதாதா?” என்று கேட்டார். கெட்டிக்காரர்; சரியான இடத்தில்தான் பிடித்தார். ஆனால் அவர் சிதம்பரத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்ததில்லை என்று தெரிகிறது.

கோபுர வாசலில் நுழைகிறபோது இருபக்கச் சுவரிலும் நாட்டியக் கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பரதமுனி சொன்ன 108 கரணங்கள். கல்லை வெண்ணெயாகச் செதுக்கத் தெரிந்த அந்தச் சிற்பிகளுக்குத் தங்கள் உளியின்மேல் நம்பிக்கை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் கிழக்குக் கோபுரத்திலும் மேற்குக் கோபுரத்திலும் சிற்பங்களோடு நாட்டிய சாஸ்திரத்துச் சுலோகங்களையும் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்தார்கள். இந்தக் கால், இந்தக் கை, இன்ன கரணம் என்று. கல்லில் இருப்பது ஒரு கணம். ஆட்டமோ அந்தக் கணத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. முன்னும் பின்னும் சொல்லச் சொல் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் எத்தனையோ நூற்றாண்டு கழித்து பத்மா சுப்ரமணியம் போன்றவர்கள் சுலோகத்தையும் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் கரணங்களை மறுபடி ஆடிப் பார்க்க முடிந்தது.

நடராஜர் மட்டும் என்ன? அந்த உடுக்கை படைப்பு, அபயக் கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என்று நாம் இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் ஒப்பிக்கிறோமே, இது சிலை சொன்னதா? ‘உண்மை விளக்கம்’ சொன்னது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவர் ஒருவர் எழுதிய நூல் அது. அவர் ஊர் திருவதிகை, பண்ருட்டிக்குப் பக்கம், எங்கள் கடலூர் மாவட்டந்தான். அவர் பெயர் மனவாசகம் கடந்தார். மனத்தையும் வாக்கையும் கடந்தவர் என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதரே, வாக்கைக் கொண்டுதான் அந்த உருவத்தை விளக்க வேண்டியிருந்தது!

அந்த விளக்கம் எவ்வளவு தூரம் நடந்தது பாருங்கள். ஆனந்த குமாரசாமி அதைப் படித்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சிவ தாண்டவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1918-ல் அது அவருடைய புத்தகத்தில் வந்தது. அதுவரை நம் தெய்வங்களை நாலு கை ராட்சசர்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் பலரை அந்தப் புத்தகம் திரும்பிப் பார்க்க வைத்தது. சிலை அதற்கு முன்பும் அப்படியேதான் இருந்தது; அவர்கள் கண்ணும் அப்படியேதான் இருந்தது. குமாரசாமியைப் படித்த காப்ரா என்ற இயற்பியல்காரர் 1975-ல் அணுக்களின் ஆட்டமும் இந்த ஆட்டமும் ஒன்று என்று எழுதினார். 2004 ஜூனில், அதே 2004-ல், இந்திய அரசாங்கம் அன்பளிப்பாகக் கொடுத்த நடராஜர் சிலையை ஜெனீவாவில் செர்ன் விஞ்ஞானக் கூடத்தில் வைத்தபோது, சும்மா வைக்கவில்லை. காப்ராவின் வாசகங்களைப் பலகையில் பொறித்து வைத்தார்கள். அப்படியும் பலகையைப் படிக்காத ஜனங்கள் அந்தச் சிலையைப் பிசாசு என்று வதந்தி கிளப்பினார்கள். 2016-ல் சில விஷமிகள் அதன் முன்னால் நரபலி கொடுப்பதுபோல் ஒரு பொய்ப் படம் எடுத்து உலவவிட, அதையும் நம்ப ஆள் இருந்தது. சிலை பேசுமானால் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?

சிற்சபையில் நடராஜருக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. சிறு வயதில் என் பாட்டி என்னைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். திரையை விலக்கினார்கள். தங்க வில்வ மாலைகள் தொங்கின. வேறு ஒன்றும் இல்லை. “சாமி எங்கே பாட்டி?” என்றேன். “அதாண்டா சாமி. ஆகாசம்” என்றாள். பாட்டி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால், வெறும் சுவரைக் காட்ட இவ்வளவு கூட்டமா என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து கடலைமிட்டாய் கேட்டிருப்பேன். (கடலைமிட்டாய் கேட்டேன் என்பது வேறு விஷயம்.)

படத்தில் வராத சங்கதிகளும் உலகத்தில் உண்டு. கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கிற கிராமங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். உப்பனாற்றங்கரையில் ரசாயனத் தொழிற்சாலைகள். அங்கே போட்டோ எடுத்தால் வேலி, வேப்பமரம், ஆடு மேய்க்கும் கிழவி, பின்னால் ஒரு புகைபோக்கி. நாட்காட்டியில் போடலாம், அவ்வளவு அழகு! நாற்றத்தை எந்தக் காமிரா பிடிக்கும்? அதே 2004-ல் அந்தக் கிராமத்து ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன நாற்றம் என்று தங்கள் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லில் குறித்து வைத்தார்கள். அவர்கள் யாருக்கும் சர்வதேசப் பரிசு கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

படங்களைப் பார்த்துத்தானே உலகம் பணம் அனுப்பியது, வீடு கட்டிக் கொடுத்தது என்று கேட்பார்கள். வாஸ்தவம். மறுக்க மாட்டேன். அதே சமயத்தில் 2002-ல் சீனாவில் சியாந்தாங் ஆற்றில் ஓத அலை எழும்பியபோது எடுத்த படங்களும் சுனாமிப் படம் என்ற பெயரில் உலகமெல்லாம் சுற்றின. அவற்றைப் பார்த்தும் ஜனங்கள் அதே கண்ணீரைத்தான் விட்டார்கள். இன்றைக்கோ அலையும் வேண்டாம், மணலும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம். கம்ப்யூட்டரிடம் சொன்னால் குப்புற விழுந்து அழுகிற பெண்ணை அரை நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடுகிறது. அதற்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? படம் பேசும் என்று நம்பி, அந்த ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த நாம்தான்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். பெயரை எழுதினால் அடுத்த டிசம்பரில் இன்னும் நாலு காமிரா அவள் வாசலில் போய் நிற்கும், “கொஞ்சம் அழுங்கம்மா” என்று. ஒவ்வொரு டிசம்பர் 26-லும் கடற்கரையில் பாலை ஊற்றிப் பூவைப் போடுகிற ஜனங்களுக்கு நடுவே, படமெடுக்க வந்தவர்கள் பெண்களின் முகங்களைத் தேடி அலைவதை நானே பார்த்திருக்கிறேன். தூரத்தில் படகுமேல் சாய்ந்து நிற்கிற கிழவர்கள் பக்கம் எந்தக் காமிராவும் திரும்பவில்லை.

ஆசிரியருக்கு ஐம்பது வார்த்தை எழுதி அனுப்பினேன். அவர் கேட்டபடி நாலு வரிதான். 391 என்றும் 146 என்றும் எழுதி, பச்சாங்குப்பத்தையும் சேர்த்து, கரையில் காத்திருந்தவர்கள் செத்தார்கள், கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து அழுதார்கள் என்று எழுதியிருந்தேன். மறுநாள் போன் வந்தது. “சார், தப்பாக நினைக்கக்கூடாது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்துக்குப் பொருந்தவில்லையே?” என்றார்.

“படத்தை மாற்றுங்கள்” என்றேன்.

இதழ் வந்தது. முழுப்பக்கம் அதே படம். கீழே வேறு யாரோ நாலு வரிக் கவிதை எழுதியிருந்தார்கள். அந்த நாலு வரியில் ‘தாய்’ என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது.